முதுகு ஊசியும் அதன் அனுபானமும்

நாட்டு வைத்தியர் செந்தூரத்தையோ பஸ்பத்தையோ காகிதத்தில் மடித்துக் கொடுக்கும்போது, "தேனில் குழைத்துக் கொடுங்கள்" என்றோ, "இஞ்சிச் சாற்றில் கொடுங்கள்" என்றோ சொல்லாமல் விடுவதில்லை. இவ்விதம் மருந்தோடு சேர்க்கும் வஸ்துவுக்கு அனுபானம் என்று பெயர். மருந்து ஒன்றேயானாலும் அனுபானம் மாறினால் அது செய்யும் வேலையும் மாறும் என்பது அவர்கள் கொள்கை. இந்தக் காலத்து ஆஸ்பத்திரியிலே, அதுவும் ஆபரேஷன் அறையிலே, அனுபானத்துக்கு இடம் ஏது என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். இடம் இருக்கிறது. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் ஸிஸேரியன் சிகிச்சைக்கு முன்பாகத் தாயின் முதுகில் ஏற்றப்படும் மருந்து இப்போது பெரும்பாலும் தனியே செல்வதில்லை. ஒன்றோ இரண்டோ துணை மருந்துகளை அழைத்துக்கொண்டுதான் செல்கிறது.

இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், நமக்கு எதற்கு என்று இருந்துவிடுவதற்கில்லை. 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசீய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூறு பிரசவங்களுக்கு 21.5 வீதம் ஸிஸேரியன் மூலமாக நடந்தன. தமிழ் நாட்டிலோ அந்தக் கணக்கு 44.9. அதாவது ஏறக்குறைய இரண்டு தாய்மார்களில் ஒருத்தி. இவ்வளவு ஆபரேஷன்கள் நடக்கத்தான் வேண்டுமா என்பது வேறு வழக்கு. அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். குழந்தை பிறக்க வேண்டிய நாளும் நட்சத்திரமும் பார்த்து, லக்கினம் தவறாமல் டாக்டருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அந்த வீட்டாரில் எத்தனை பேர், "முதுகில் என்ன மருந்து ஏற்றுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்?

ஸிஸேரியன் என்றதும், ஜூலியஸ் ஸீஸர் இப்படித்தான் பிறந்தான், அதனால் வந்த பெயர் என்று சிலர் சொல்லுவதுண்டு. அது நம்பத்தக்கதன்று. அக்காலத்தில் வயிறு கீறப்பட்ட தாய் பிழைத்ததாகக் கேள்வியில்லை. ஸீஸரின் தாயாரோ, மகன் வளர்ந்து பெரிய சேனைக்குத் தலைவனாகிக் கால் தேசத்தில் போர் நடத்திய காலம் வரையில் உயிரோடிருந்தவள். பெயர் எப்படி வந்ததாயினும், 1847-ம் வருஷத்தில் எடின்பரோ நகரத்து ஸிம்ப்ஸன் என்னும் வைத்தியர் முதலில் ஈதரையும் பிறகு குளோரோபாரத்தையும் பிரசவ வலிக்குக் கொடுக்கத் துணியும் வரையில், கத்தியின் வேதனையை ஸ்திரீகள் முழுப் பிரக்ஞையோடு அனுபவிக்க வேண்டியதாகவே இருந்தது.

மயக்க மருந்து வந்து அந்த வேதனையைப் போக்கிற்று. ஆனால் அது வேறோர் ஆபத்தைக் கையோடு கொண்டு வந்தது. பிரசவ வேதனையிலிருக்கும் ஸ்திரீக்கு வயிற்றிலுள்ள ஆகாரம் சீக்கிரம் கீழே இறங்குவதில்லை. அப்படியிருக்கும்போது பிரக்ஞை தப்பினால், வயிற்றிலுள்ளது மேலே எதிர்த்து வந்து மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடக் கூடும். நியூயார்க்கில் மெண்டல்ஸன் என்ற பிரசவ வைத்தியர் 44,016 பிரசவங்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்து, அவற்றில் 66 தாய்மார்களுக்கு இவ்விதம் நேர்ந்ததென்று 1946-ல் வெளியிட்டார். அன்றியும் தாயை மயக்கும் மருந்து தொப்புள் கொடி வழியாகக் குழந்தையையும் ஓரளவு மயக்குகிறது. பிறந்த குழந்தை உடனே வீரிட்டு அழ வேண்டும் என்றுதானே எல்லோரும் காத்திருக்கிறார்கள்? தாய் விழித்திருக்கட்டும், இடுப்புக்குக் கீழும் வயிறும் மாத்திரம் மரத்துப் போகட்டும் என்கிற யோசனைக்கு இருந்த கவர்ச்சி இதனால் விளங்கும்.

கீல் நகரத்துப் பரீட்சை

அந்த யோசனையை முதன் முதலில் முறையாக நிறைவேற்றியவர் ஜெர்மனி தேசத்தில் கீல் நகரத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் பியர் என்னும் ரண சிகிச்சை நிபுணர். 1898-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி, கணுக்கால் மூட்டு நோயோடு வந்த ஒரு தொழிலாளியின் முதுகெலும்புக்குள் அவர் கொக்கெய்னை ஏற்றி, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்தார். அதற்குப் பிறகு சில நோயாளிகளுக்கும் அவ்வாறே செய்தார். அவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. ஏன் வருகின்றன என்று அறிய வேண்டுமானால், தம் உடம்பிலேயே பார்த்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார்.

ஆகஸ்டு 24-ந் தேதி, உதவி டாக்டர் ஹில்டபிராண்டு என்பவர் பியருக்கு ஊசி குத்தினார். ஊசி சரியாகத்தான் இறங்கிற்று. ஆனால் ஸிரிஞ்சு ஊசியோடு பொருந்தவில்லை! மருந்து வெளியே வழிந்து போயிற்று. முதுகுத் தண்டின் நீரும் ஏராளமாக வெளியேறிற்று. "அப்படியானால் என்மேல் பாருங்கள்" என்று ஹில்டபிராண்டு முதுகைக் காட்டினார். இந்தத் தடவை மருந்து சரியாக ஏறிற்று. பிறகு பியர் தம் உதவியாளரைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. காலில் ஊசியால் குத்தினார். எரிகிற சுருட்டை வைத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்தார். ஹில்டபிராண்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுமார் முக்கால் மணி நேரம் கழித்து உணர்ச்சி திரும்பிற்று. இருவரும் அன்று இரவு விருந்து சாப்பிட்டு, மது அருந்தி, சுருட்டும் பிடித்து, வெற்றியைக் கொண்டாடினார்கள். மறுநாளிலிருந்து பியர் எழுந்து நிற்க முடியாத தலைவலியோடு ஒன்பது நாள் அவஸ்தைப்பட்டார். ஹில்டபிராண்டுக்கோ தலைவலியோடு காலெல்லாம் கன்றிப் போயிருந்த வலியும் சேர்ந்துகொண்டது.

அந்த ஒன்பது நாள் தலைவலிக்குக் காரணத்தைப் பியர் சரியாகவே ஊகித்தார். ஊசி குத்திய துவாரத்தின் வழியாகத் தண்டு நீர் கசிந்துவிட்டால், எழுந்து உட்காரும்போது தலை வலிக்கும், படுத்தால் குறையும். இக்காலத்து ஊசிகள் தலைமயிர் போல் மெல்லியவை. நுனியும் வெட்டுவதாக இல்லாமல், பென்ஸில் முனை போல் நார்களை விலக்கிக்கொண்டு போவதாகச் செய்யப்படுகிறது. ஆகையால் நூறு பேரில் ஒருவர் இருவருக்கே அந்தத் தலைவலி வருகிறது. "முதுகில் ஊசி போட்டார்கள், அன்று முதல் எனக்கு ஆயுள் பரியந்தம் முதுகு வலி" என்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோமே, அதை ஆராய்ச்சிகள் ஊர்ஜிதம் செய்யவில்லை. பிள்ளை பெற்ற பிறகு முதுகு வலி சாதாரணம். ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் அது வருகிறது. பத்து மாதம் சுமந்த பாரத்தையும், குனிந்து தூக்கும் குழந்தையையும் விட்டுவிட்டு ஊசியின்மேல் பழி போடுகிறோம்.

இன்னொரு பயம், ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடுமோ என்பது. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரையில் நீண்டிருப்பதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பெலும்புக் கண்ணிகளில் முதலாவது, இரண்டாவதின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வாலைப் போல் பிரிந்து, தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஊசி குத்துவது அதற்குக் கீழ்க் கண்ணிகளின் இடையில். நீரில் தொங்கும் நூலைக் குண்டூசியால் குத்தப் போனால், நூல் நழுவி ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதைப் போலத்தான்.

சர்க்கரையின் உபகாரம்

ஆரம்ப காலத்திலேயே சேர்ந்த ஓர் அனுபானம் எது தெரியுமா? சர்க்கரை! 1907-ல் லண்டனில் ஆர்தர் பார்க்கர் என்னும் ரண சிகிச்சை நிபுணர், மருந்து முதுகுத் தண்டுக்குள் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கண்டறிய, வளைவு நெளிவோடு கண்ணாடியில் ஒரு முதுகெலும்புக் குழாயைச் செய்து பார்த்தார். மருந்தில் குளூகோஸைக் கரைத்தால் அது தண்டு நீரைவிடக் கனமாகிறது; கனமானது பள்ளத்தை நோக்கித்தான் போகும். நோயாளியைப் படுக்க வைக்கும் விதத்தைக் கொண்டே மருந்தை வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம். பௌதிக வகுப்பில் உப்பு நீரில் முட்டை மிதப்பதையும் நல்ல நீரில் அமிழ்வதையும் பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பார்க்கரின் கண்ணாடிக் குழாய் ஞாபகம் வருவதுண்டு. அடர்த்தி என்கிற அந்தப் பால பாடம் ஒரு தாயின் மூச்சைக் காப்பாற்றுகிறது. மருந்து கழுத்து வரையில் ஏறிவிட்டால் மூச்சு விடும் தசைகளும் அல்லவா மரத்துப் போகும்? இன்று ஸிஸேரியனுக்கு உபயோகமாகும் கனமான புபிவகெய்ன் மருந்தில் ஒரு மில்லிக்கு 80 மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறது.

இந்தப் புபிவகெய்ன்தான் இப்போது பிரதான மருந்து. 1957-ல் ஸ்வீடன் தேசத்தில் உண்டாக்கப்பட்டது. ஸிஸேரியனுக்குச் சாதாரணமாகச் சுமார் 10 மில்லிகிராம், அதாவது இரண்டு மில்லி மாத்திரமே ஏற்றுகிறார்கள். நிறைகர்ப்பிணிக்கு முதுகுத் தண்டின் உறைக்கு வெளியேயுள்ள இரத்தக் குழாய்கள் புடைத்து உள்ளிடம் குறுகியிருப்பதால், மற்றவர்களைவிடக் குறைந்த அளவே போதும். சில நிமிஷங்களில் கால்கள் கனக்கின்றன; பிறகு அவற்றை அசைக்க முடிவதில்லை. குளிர்ந்த பஞ்சைக் கொண்டு கீழிருந்து மேலாகத் தொட்டுத் தொட்டு, மார்பு மட்டம் வரையில் சில்லென்ற உணர்ச்சி போய்விட்டதா என்று பார்த்த பிறகே கத்தி எடுக்கப்படும்.

இவ்வளவு நல்ல மருந்துக்குத் துணை ஏன் என்றால், அதற்கு மூன்று குறைகள் இருக்கின்றன. முதலாவது, அது இரத்தக் குழாய்களை ஆளும் நரம்புகளையும் சேர்த்து மரக்கச் செய்வதால் இரத்த அழுத்தம் சடக்கென்று இறங்கும். தாய்க்குக் குமட்டும், குழந்தைக்கு இரத்த ஓட்டம் குறையும். தாயைச் சற்று இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பதும், பெனிலெப்ரின் முதலிய மருந்தை இரத்தத்தில் ஏற்றுவதும் இதற்குப் பரிகாரம். இரண்டாவது, தோலும் சதையும் நன்றாக மரத்திருந்தும், உள்ளே கருப்பையைப் பிடித்து இழுக்கும்போது அடிவயிற்றில் ஒரு விதமான இழுப்பும் வலியும் சிலருக்குத் தெரியும். மூன்றாவது, இரண்டு மணி நேரத்துக்குள் மருந்தின் வேலை முடிந்துவிடும். குழந்தையை மார்பில் அணைக்க வேண்டிய முதல் இரவிலே, தையல் போட்ட வயிறு தன் வலியைக் காட்டத் தொடங்கும். முதற் குறைக்காக மருந்தைக் குறைத்தால் இரண்டாவது அதிகரிக்கும். மூன்றாவதுக்காகக் கூட்டினால் முதலாவது அதிகரிக்கும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைமைதான்.

அபினியின் இரண்டாவது பிறவி

இதிலிருந்து வழி காட்டியது அபினி. அபினியிலிருந்து மார்பின் என்னும் சத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸெர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்துக் கடைக்காரர் பிரித்தெடுத்தார். அதை முதுகில் ஏற்றும் வித்தையும் புதிதன்று. 1901-ல் ருமேனியா தேசத்து ராக்கோவிச்சியானு-பிட்டெஷ்ட் என்னும் டாக்டர், கொக்கெய்னோடு மார்பினைச் சேர்த்து முதுகில் ஏற்றியதைப் பாரிஸ் நகரத்து சபை ஒன்றில் எடுத்துரைத்தார். ஆனால் அது ஏன் பலிக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை; ஆகவே முக்கால் நூற்றாண்டு அது பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது.

1973-ல்தான் மார்பின் போய்ப் பற்றிக்கொள்ளும் குறிப்பிட்ட ஸ்தானங்கள் நரம்பு மண்டலத்தில் இருப்பது நிரூபணமாயிற்று. தண்டுவடத்திலேயே அவை இருக்கின்றன என்பதும், அங்கே நேராகச் சேர்க்கும் சொற்ப மார்பின் வலியைத் தடுக்கிறதென்பதும் 1976-ல் யாக்ஷ், ரூடி என்னும் இருவர் எலிகளிடம் செய்த சோதனையால் தெரிய வந்தன. 1979-ல் அமெரிக்காவில், புற்று நோய் வலியால் துடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இம்முறை கையாளப்பட்டது. புபிவகெய்ன் செய்யும் வேலை ஒரு விதம். அது நரம்பின் வழியாகச் செல்லும் செய்தியையே நிறுத்திவிடுகிறது, தந்திக் கம்பியை அறுத்தாற் போல. அபினி வர்க்கம் கம்பியை அறுப்பதில்லை. செய்தி வந்து சேரும் ஆபீஸில் வலி என்ற செய்தியை மட்டும் கீழே அமுக்கி வைக்கிறது. ஆகையால் கால் அசைவதும் தொடு உணர்ச்சியும் கெடுவதில்லை; இரத்த அழுத்தமும் அதனால் அவ்வளவாக இறங்குவதில்லை. இரண்டு மருந்துகளும் இரண்டு வேறு இடங்களில் வேலை செய்வதனால், ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். அனுபானத்தின் தத்துவமும் இதுதானே?

இவ்வர்க்கத்தில் இரண்டு மருந்துகள் முக்கியமானவை. ஒன்று பென்டனில், 1960-ம் ஆண்டையொட்டி பெல்ஜியத்தில் பால் யான்ஸென் என்பவர் உண்டாக்கியது. இது கொழுப்பில் கரையும் சுபாவமுள்ளது. எனவே ஏற்றிய இடத்தின் அருகிலேயே தண்டுவடத்தில் ஒட்டிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு மூன்று மணியில் ஓய்ந்துவிடும். ஆபரேஷன் நடக்கும்போது தெரியும் அந்த உள்ளிழுப்பு வலியை இது நன்றாகக் குறைக்கிறது. அளவு 10 முதல் 25 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்திலொரு பங்கு. இரவு முழுவதற்கும் இது காணாது.

இரவைத் தாங்குவது மார்பின். அது நீரில் கரைவது. தண்டு நீரோடு கலந்து மெதுவாகப் பரவி, வேலை தொடங்கவே ஒரு மணிக்கு மேலாகும். ஆனால் பன்னிரண்டு மணி முதல் இருபத்துநாலு மணி வரையில் வலியை அடக்கி வைக்கும். ஆகவே பென்டனில் ஆபரேஷனுக்கும், மார்பின் அதற்குப் பின்னுமாக இரண்டையும் சேர்த்து ஏற்றுகிறவர்கள் உண்டு. முதல் நாள் வலி அடங்கியிருந்தால் தாய் புரண்டு படுக்கிறாள், பால் கொடுக்கிறாள், சீக்கிரம் எழுந்து நடக்கிறாள். நடக்காமல் கிடப்பதால் காலில் இரத்தம் உறையும் அபாயம் குறைகிறது. முதுகில் ஏற்றும் அளவு மிகச் சிறியதாகையால் பாலில் சேருவது இல்லையென்றே சொல்லலாம்.

எவ்வளவு சிறியது? தசையில் குத்தும்போது 10 மில்லிகிராம் கொடுக்கிற மார்பினை, முதுகில் ஏற்றும்போது 0.1 மில்லிகிராம்தான் கொடுக்கிறார்கள். நூற்றிலொரு பங்கு! 1979-ஐ ஒட்டிய ஆரம்ப காலத்தில் மில்லிகிராம் கணக்கில் ஏற்றிப் பார்த்தார்கள். சில நோயாளிகள், எல்லாம் நன்றாக முடிந்ததென்று எண்ணியிருக்கையில், பல மணி நேரம் கழித்து மூச்சு மந்தித்துப் போனார்கள். காரணம், நீரில் கரைந்த மார்பின் நிதானமாக மேலே ஏறி, மூச்சை நடத்தும் மூளையடிப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்ததுதான். அளவைக் குறைக்கக் குறைக்க அபாயமும் குறைந்தது. 0.05 முதல் 0.15 மில்லிகிராமுக்குள் கொடுத்தால், ஆரோக்கியமான ஸ்திரீக்கு அந்த அபாயம் மிக அரிது என்பதே இன்றைய அபிப்பிராயம். மிகவும் ஸ்தூல சரீரமுள்ளவர்களும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் வியாதியுள்ளவர்களும், தூக்க மருந்து உட்கொள்ளுகிறவர்களும் அதிக ஜாக்கிரதையாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். எப்படியிருப்பினும், அன்றிரவு நர்ஸ் வந்து மூச்சை எண்ணிவிட்டுப் போவதைப் பார்த்து, "தூங்குகிறவளை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்?" என்று பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூச்சு மந்தித்தால் அதை மாற்றுவதற்கு நலாக்ஸோன் என்ற முறிமருந்து இருக்கிறது. ஆனால் மந்திப்பதை ஒருவர் பார்த்தால்தானே அதைக் கொடுக்க முடியும்?

கணக்கு வாத்தியார்களுக்குப் புள்ளியின்மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கிற மாணாக்கர்களுக்கு இந்த இடத்தைக் காட்டலாம். குப்பியிலே மார்பின் ஒரு மில்லியில் 10 அல்லது 15 மில்லிகிராம் என்ற கணக்கில் வருகிறது. அதை நீர்த்து நீர்த்து 0.1 மில்லிகிராமாக்க வேண்டும். புள்ளி ஒரு ஸ்தானம் தள்ளினால் பத்து மடங்கு!

மார்பினால் வரும் சாதாரணத் தொல்லை அரிப்பு. முகத்திலும் மூக்கிலும் மார்பிலும் அரிக்கும். மார்பின் சேர்த்த தாய்மார்களில் பெரும்பாலோருக்கு ஓரளவாவது வரும். இது ஒவ்வாமையன்று, தண்டுவடத்தில் அபினி ஸ்தானங்கள் தூண்டப்படுவதன் விளைவு. அதனால்தான் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை இதற்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. நெற்றியில் மஞ்சள் அரைத்துப் பூசுவதாலும் பயனில்லை. அளவு குறைந்தால் அரிப்பும் குறையும், குமட்டலும் அப்படியே. வலி நீங்கும் நேரமும் சிறிது குறையும் என்பது உண்மைதான். சில மணி நேரம் அதிகமாக வலியின்றி இருப்பதா, மூக்கைச் சொறியாமல் இருப்பதா என்பதைத் தாயைக் கேட்டுத் தீர்மானிப்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

நம் தேசத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சட்டப்படி கசகசாச் செடி பயிரிட்டு அபினி எடுக்கும் தேசங்களில் இந்தியா முக்கியமானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அரசாங்க அனுமதியோடு அது விளைகிறது; காஜிபூரில் 1820 முதலே அபினித் தொழிற்சாலை இருக்கிறது. ஆயினும் 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால், சிறிய ஆஸ்பத்திரி ஒன்று பத்துக் குப்பி மார்பின் வாங்கி வைப்பது பெரும்பாடாயிற்று. 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின், பென்டனில் முதலிய அவசிய மருந்துகளுக்கு வழி இலகுவாக்கப்பட்டது. இருந்தும், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் கலவாத மார்பின், முதுகுக்கு ஏற்றது அதுவே, பல ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் இங்கே பென்டனிலும், புப்ரெனார்பின், நல்புபின் போன்றவையும் அதிகமாகப் புழங்குகின்றன. விளைநிலம் நம்முடையது, முதல் இரவின் வலியும் நம் பெண்களுடையது.

அபினி வர்க்கத்தைச் சேராத அனுபானங்களும் பல உண்டு. குளோனிடீன் என்பது இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மருந்து. முதுகில் சேர்த்தால் மரப்பை நீடிக்கச் செய்யும். ஆனால் இரத்த அழுத்தத்தை இறக்கிவிடுமாகையால், அமெரிக்காவில் முதுகெலும்புறைக்கு வெளியே ஏற்றுவதற்காக விற்கும் அதன் பெட்டியில், பிரசவத்துக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கை காணப்படுகிறது. அதன் இனமான டெக்ஸ்மெடிடோமிடீன், 5 மைக்ரோகிராம் அளவில், சென்ற இருபது வருஷங்களாக வெகு பிரபலமாகி வருகிறது. மரப்பு நீடிக்கிறது, ஸிஸேரியனின்போது தாய்மார்களுக்கு உண்டாகும் அந்த வெடவெடவென்ற நடுக்கமும் குறைகிறது, அரிப்பு இல்லை. இந்தியா, எகிப்து, சீனா முதலிய தேசங்களிலிருந்து இதைப் பற்றி வரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. இருந்தாலும் முதுகில் ஏற்றுவதற்கென்று அது அனுமதி பெற்ற மருந்தன்று. பெரும்பாலான கட்டுரைகள் ஐம்பது, நூறு பேரை வைத்துக்கொண்டு, மரப்பு எத்தனை நிமிஷம் நீடித்தது என்று கடிகாரம் பார்க்கின்றன. அந்தத் தாய்மார்களின் நரம்புகள் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து எப்படியிருக்கின்றன என்று போய்ப் பார்த்தவர்கள் சொற்பம். மிடாஸோலம் என்ற தூக்க மருந்தையும் முதுகில் சேர்த்துப் பார்த்தார்கள். பிராணிகளிடம் செய்த சில சோதனைகளில் நரம்புக்குக் கேடு தென்பட்டதால் அதைப் பற்றி வெகு காலமாக வாதம் நடக்கிறது. நியோஸ்டிக்மின் வலியைக் குறைத்தது, ஆனால் வாந்தி தாங்க முடியவில்லை. மக்னீஷியத்தையும் விட்டுவைக்கவில்லை.

சமையலில் ருசி போதவில்லையென்றால் இன்னும் ஒரு சிட்டிகை அள்ளிப் போடலாம்; தண்டு நீரில் அது செல்லாது. அங்கே போனதை எடுக்க முடியாது. 1947-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி இங்கிலாந்தில் செஸ்டர்பீல்டு ஆஸ்பத்திரியில், சிறிய ஆபரேஷன்களுக்காக முதுகு ஊசி போடப்பட்ட இரண்டு பேர், ஒரே நாளில், இடுப்புக்குக் கீழே நிரந்தரமாக முடமானார்கள். மருந்துக் குப்பிகளை ஊறவைத்திருந்த பினாயில் சத்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக உள்ளே கசிந்திருக்க வேண்டுமென்று கோர்ட்டில் சொல்லப்பட்டது. கருவிகளை வேகவைக்கும் பாத்திரத்தைச் சுத்தம் செய்த அமிலமே காரணமாயிருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு நாள் சம்பவத்தால் பிரிட்டனில் பல வருஷ காலம் முதுகு ஊசி என்றாலே டாக்டர்களும் நோயாளிகளும் அஞ்சினார்கள்.

அது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. பிரசவத்துக்குப் பின் இரத்தப் பெருக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து உதவுகிறது. 2017-ல் வெளியான பெரிய ஆராய்ச்சிக்குப் பிறகு அது பல பிரசவ ஆபரேஷன் அறைகளில் தயாராக இருக்கிறது. அதன் குப்பியும் புபிவகெய்ன் குப்பியும் சில இடங்களில் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அவசரத்தில் ஒன்றை எடுப்பதற்குப் பதில் மற்றொன்றை எடுத்து முதுகில் ஏற்றிய சம்பவங்கள் பல தேசங்களில் நடந்து, உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் எச்சரிக்கை வெளியிட்டது. அவ்விதம் ஏற்றப்பட்டவர்களுக்குக் கடுமையான வலிப்புக் கண்டது. ஏறக்குறைய பாதிப் பேர் மரித்தார்கள். தட்டில் குப்பிகளின் எண்ணிக்கை கூடக் கூட, கை தவறும் சந்தர்ப்பமும் கூடுகிறது. பென்டனில் ஒரு குப்பி, மார்பின் ஒரு குப்பி, அதை நீர்க்க உப்பு நீர் ஒரு குப்பி, பிறகு புபிவகெய்ன்! இரண்டு பேர் சேர்ந்து பெயரை உரக்கப் படித்துப் பார்த்த பிறகே ஸிரிஞ்சில் இழுப்பது, டிரானெக்ஸாமிக் அமிலத்தை வேறு அலமாரியில் வைப்பது என்னும் ஏற்பாடுகள் இதற்காகவே ஏற்பட்டவை. காசு செலவில்லாத காவல் இது.

கடைசியாக, அனுபானம் எதைச் சேர்த்தாலும், சேர்க்காவிட்டாலும், சில ஸ்திரீகளுக்கு ஆபரேஷன் நடுவில் வலி தெரிவதுண்டு. அப்போது, "அது வலியல்லம்மா, இழுப்புத்தான், பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிடுவது சுலபம். தொடுவதும் அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், அது சகஜம் என்று முன்கூட்டிச் சொல்லி வைப்பது நல்லதுதான். ஆனால் வலிக்கிறது என்று அவள் சொன்னால் வலிக்கிறது என்றே கொள்ள வேண்டும் என்றுதான் இக்காலத்து மயக்க மருந்து நிபுணர்கள் உபதேசிக்கிறார்கள். கத்தியை நிறுத்தி, இரத்தத்தில் வலி நிவாரணியை ஏற்றி, அதற்கும் அடங்காவிட்டால் முழு மயக்கம் கொடுப்பதற்கு வழியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பாக மயக்க மருந்து டாக்டர் தாயிடம் வந்து பேசுவதுண்டு. துணை மருந்து என்ன சேர்க்கப் போகிறீர்கள், அரிக்குமா, இரவில் மூச்சை யார் பார்ப்பார்கள், நடுவில் வலித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க அதுவே சமயம். வீட்டில் உடன் போகிறவர்கள், அவளுக்கு உறக்கத்தில் குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவதுண்டா, வேறு தூக்க மாத்திரை சாப்பிடுகிறாளா, இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து எடுத்துக்கொள்ளுகிறாளா என்ற விவரங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம்.